லம்பாசாவில் கேட்காத பாட்டு

சென்ற சனிக்கிழமை லௌட்டோகாவில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. புகாரெல்லாம் மேடையைப் பற்றித்தான். நாலைந்து இளவட்டங்கள் கிட்டார், டோலக், குட்டிக் கிட்டார் மாதிரி ஒரு உக்குலேலே, ஒரு மடிக்கணினி என்று கடை பரப்பிக்கொண்டு வாசித்தார்கள். பஜனை போல ஆரம்பித்தார்கள், கவாலிக் கைத்தட்டலுக்குள் நுழைந்தார்கள், ஃபிஜியன் பாட்டுக்காரர்களின் ஜிங்-ஜிங் நடையில் வெளியே வந்தார்கள். அறிவிப்பாளர் ஒருவர் மைக்கை வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டு கத்தினார்: “ஃபிஜியிலேயே முதல் தடவை! யாருமே செய்யாத புதுமை!” என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று மருமகள் ஹிந்தியில் கேட்டாள்.

போட்டிருந்தேன். இது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. பிள்ளைகள் மோசமாக வாசித்திருந்தால் பேசாமல் பாயசத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். நன்றாக வாசித்துத் தொலைத்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். யாருமே செய்யவில்லையாமே! நாங்கள் இதைச் செய்தபோது அந்த அறிவிப்பாளரின் அப்பாவுக்கு மீசை முளைத்திருக்காது. நீங்களே சொல்லுங்கள், இதை எழுந்து நின்று சொன்னால் கிழவனுக்குக் கிறுக்கு என்பார்களா, மாட்டார்களா?

கை கழுவ மேடைக்குப் பின்பக்கம் போனேன். ஆம்ப்ளிஃபையர் சூடேறி, அதன் மேல் படிந்திருந்த தூசி லேசாகக் கருகிக்கொண்டிருந்தது. அந்த வாசனைக்கு நான் அசையாமல் நின்றுவிட்டேன். ரராவாய் சர்க்கரை மில் குவார்ட்டர்ஸில், கல்யாணமாகாத குமாஸ்தாவாக நான் இருந்த அறையில், ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. போட்டதும் உடனே பாடாது. முதலில் சூடாகும், இதே வாசனை வரும், அப்புறம்தான் குரல் வரும். வெளியே மில்லின் சர்க்கரைப் பாகு வாசனை, உள்ளே ரேடியோ வாசனை. ஊரிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்குப் பழகிவிட்டது.

அந்த ரேடியோவில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் இருந்தது. இங்கிலீஷுக்கு ஒரு நேரம், ஃபிஜியனுக்கு ஒரு நேரம், ஹிந்திக்கு ஒரு நேரம். எங்கள் தென்னிந்தியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அதுவும் பக்திப் பாட்டுக்கு மட்டும். அப்போது அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிற்பாடு அந்த ஏற்பாட்டில்தான் நாங்கள் தலைகுப்புற விழுந்தோம்.

மில்லில் என்னோடு கரும்பு எடை பார்த்தவன் சேமி. கைவீத்தி, அதாவது இந்த மண்ணின் பூர்வகுடி ஆள். எங்கோ யசாவா தீவுப் பக்கத்துக் கிராமம். நங்கோனா என்கிற வேர்ப்பொடிப் பானத்தைக் கரைத்த தனோவா மரச்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உக்குலேலேயைக் கீழே வைக்கமாட்டான். எனக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். மூன்று பிடிகள் சொல்லிக்கொடுத்தான். நாலாவது பிடியை இன்றுவரை என் சுண்டுவிரல் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொருவர் காதர் அண்ணன். பா டவுனிலிருந்து லோவு கிராமம் வழியாகக் கேரியர் ஓட்டினார். கேரியர் என்றால் லாரியின் முதுகில் இரண்டு பெஞ்சும் மேலே தார்ப்பாயும், அவ்வளவுதான். அவருடைய தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்கள். முஸ்லிம் சங்க விசேஷங்களில் கவாலி பாடுவார், டோலக் வாசித்தால் எதிரே இருப்பவன் காலை அடக்க முடியாது. ஒரே வாக்கியத்தில் தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றையும் போட்டு அடிப்பார். திட்டும்போது மட்டும் சுத்தத் தமிழ்.

மூன்று பேரும் அவரவர் வழியில் ஏதோ தட்டிக்கொண்டு கிடந்தோம். எங்களை ஒரு கூட்டமாக்கியது ஒரு கரும்பு ரயில்.

ஒரு சனிக்கிழமை ரராவாய் தண்டவாளக் கடவையில் ரயில் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. எஞ்சினுக்கு என்ன வந்ததோ, நகரவில்லை. காதர் அண்ணன் கேரியரை நிறுத்தினார். பின்பெஞ்சில் நானும் சேமியும். எதிர்ப் பெஞ்சில், பா மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு லோவுக்குத் திரும்பும் அஞ்சலை அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். சின்ன வயதில் அப்பாவோடு கூத்து மேடையில் நின்றவள், வாய் கொஞ்சம் நீளம். சேமி சும்மா இருக்கமுடியாமல் உக்குலேலேயை எடுத்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அஞ்சலை என்னிடம் சொன்னாள்:

“இன்னா தம்பி இவன், கொசு அடிக்கிறாப்ல தட்டிக்கினு கீறான்? பாட்டு எங்க?”

“நீ பாடேன் அக்கா, அவன் தட்டட்டும்” என்றேன்.

பாடினாள். ‘பூத்த கரும்பு தலையாட்டுது, போன மனுசன் வரக் காணோம்.’ அவளே கட்டின பாட்டு. கூத்துக்காரர் எடுப்பு அது. தாளம் விழுந்ததும் பாடமாட்டாள், ஒரு மூச்சு விட்டு அப்புறம் எடுப்பாள். சேமிக்குத் தமிழும் தெரியாது, கூத்தும் தெரியாது. அவள் பிந்திவிட்டாள் என்று நினைத்து, காப்பாற்றுகிற எண்ணத்தில் அந்த இடத்தில் ஜிங்-ஜிங் என்று இரண்டு தட்டு தட்டி நிரப்பினான். அஞ்சலை அவனை ஒரு முறை முறைத்தாள். அடுத்த அடியில் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் தாமதித்தாள். அவன் இன்னும் இரண்டு போட்டான். அவள் சிரித்துவிட்டாள். முன்னாலிருந்து காதர் அண்ணன் கேரியர் கதவின் தகரத்தில் கவாலிக் கைத்தட்டைத் தொடங்கினார். நானும் என் மூன்று பிடிகளோடு பின்னால் ஓடினேன்.

ரயில் எப்போதோ போய்விட்டது. பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தே ஓய்ந்தன. காதர் அண்ணன் வண்டியை எடுக்கவேயில்லை.

அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் வாசிக்காத வீடு இல்லை. கல்யாணம், பிறந்தநாள், கரும்பு வெட்டு முடிந்த விருந்து, சேமியின் சர்ச் ஆட்கள் நிதி திரட்டிய கூட்டம், எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். ‘போன மனுசன் வரக் காணோம்’ என்று அஞ்சலை உருகும்போது, போகாத மனுசனாகிய அவள் புருஷன் ரங்கசாமி முன்வரிசையில் உட்கார்ந்து நங்கோனா குடித்துக்கொண்டிருப்பார். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். முதல் அடி மட்டும்தான் மாறாதது. மற்ற அடிகளை அஞ்சலை அந்தந்த வீட்டில் அப்போதே கட்டுவாள். கோழி திருடியவன், மழை பெய்யாதது, வரதட்சணை கேட்ட மாமியார், எல்லாரும் பாட்டுக்குள் வந்து போவார்கள். வந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பாட்டு முடிந்ததும் ஒருவராவது தலையைச் சொறிந்துகொண்டு கேட்பார்: “ஈ கோன் கானா ஹே?” இது என்ன பாட்டு?

என்ன பாட்டாம்! கேட்டாயா, பிடித்ததா, போய்ப் படு. அதற்கு ஒரு பெயர் வைத்தால்தான் தூக்கம் வருமா?

ஊர் விழாவில் பாட்டுப் போட்டி வைத்தார்கள். போனோம். நடுவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “பஜனையா, நாட்டுப் பாட்டா, கவாலியா? எதுல போடறது?”

“பாட்டுன்னு போடுங்க சார்” என்றார் காதர் அண்ணன்.

“அப்படி ஒண்ணு இல்லியே.”

ஆளுக்கொரு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டீ நன்றாக இருந்தது என்று சேமி மட்டும் சந்தோஷப்பட்டான்.

எனக்கும் காதர் அண்ணனுக்கும் அது கௌரவப் பிரச்சினை. அஞ்சலைக்குப் போட்டியும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளுடைய அக்கா பச்சையம்மாவை லம்பாசாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கடல் தாண்டி அடுத்த தீவு. கப்பல் பிடித்துப் போய்வர இரண்டு வீட்டிலும் வசதி இல்லை. கல்யாணமாகிப் போனவளைத் தங்கை அப்புறம் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அக்கா வீட்டில் ஒரு பேட்டரி ரேடியோ இருந்தது.

“ஒரே ஒரு தபா ரேடியோவுல பாடிட்டா போதும் தம்பி” என்பாள். “பேர்கூடச் சொல்ல வேணாம். கேட்டதுமே எங்கக்கா கண்டுபுடிச்சிடும். நாங்க ஒரே பாயில படுத்துப் பாடுனவங்க.”

காதர் அண்ணன் தலைநகரம் சுவாவுக்கே வண்டி எடுத்துக்கொண்டு போனார். வானொலி நிலையத்தில் ஒரு கண்ணாடிக்காரரைப் பிடித்து, பேசிப் பேசி அவர் காதைத் தேய்த்து, சம்மதம் வாங்கிவந்தார். ஒலிப்பதிவு வண்டி மேற்குப் பக்கம் வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பதிவு செய்து, பிற்பாடு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்புவார்களாம். தேதி வந்தது. நான் துள்ளிக் குதித்து, நிச்சயமாக வந்துவிடுவோம் என்று பதிலும் அனுப்பிவிட்டேன். லம்பாசாவில் ஒரு கல்யாணத்துக்குப் போன உறவுக்காரரிடம் அஞ்சலை சேதி சொல்லி அனுப்பினாள்: ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவை மூடாதே.

அப்புறம்தான் தேதியைச் சொன்னேன். அஞ்சலை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஐயோ பாவி, அன்னிக்கு நான் காப்புல இருப்பேனே!”

லோவு மாரியம்மன் கோயிலில் தீமிதி. மகனுக்கு மஞ்சள் காமாலை கண்டபோது வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காப்புக் கட்டிக்கொண்டால் பத்து நாளும் கோயிலில்தான் வாசம். மஞ்சள் துணி, ஒரு வேளைச் சாப்பாடு, வேப்பிலை கட்டிய எல்லைக் கயிற்றைத் தாண்டக்கூடாது. காதர் அண்ணனுக்கு இது எப்படித் தெரியும்? சேமிக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தில் இருந்த ஒரே இந்து ஆண்பிள்ளை நான். எனக்குக் கால்பந்துப் போட்டி அட்டவணை முழுக்க மனப்பாடம், தீமிதி என்றைக்கு என்று தெரியாது.

வண்டி இன்னொரு முறை வராது என்று கண்ணாடிக்காரர் சொல்லிவிட்டார். அவள் வெளியே வர முடியாவிட்டால் மைக் உள்ளே போகட்டும் என்று கோயில் தலைவரிடம் போனோம். அவர் வெற்றிலையை மென்று முடிக்கிறவரை நிற்கவைத்தார்.

“கிட்டாரு, அது இதுல்லாம் எல்லைக்குள்ள வரக்கூடாது. பொம்பள எல்லை தாண்டக்கூடாது. காப்புக் கட்டின வாயால அம்மன் பாட்டுத்தான் பாடணும். அப்புறம் உங்க இஷ்டம்.”

எங்கள் இஷ்டத்துக்கு என்ன மிச்சம் வைத்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆனாலும் செய்தோம். கயிற்றுக்கு உள்ளே மஞ்சள் சேலையில் அஞ்சலை. வெளியே, ரோட்டோரப் பள்ளத்தில், இடுப்பளவு புல்லில் நாங்கள் மூன்று பேர். ஒரு மூங்கில் கழியில் மைக்கைக் கட்டிக் கயிற்றுக்கு மேலே நீட்டிப் பிடித்தார் கண்ணாடிக்காரர். கழி உள்ளே எவ்வளவு நீள்கிறது என்று தலைவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, தட்டிவிடக் கை இல்லை.

அஞ்சலை கண்ணை மூடினாள். ‘பூத்த கரும்பு தலையாட்டுது, போன தாயி வரக் காணோம்’ என்று எடுத்தாள். ஒரே ஒரு சொல்லை மாற்றினாள், பாட்டு மாரியம்மனுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவள் கட்டிய அடிகளை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கடல் வந்தது, கப்பல் வந்தது, ஒரே பாயில் படுத்த இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். தலைவருக்கு அது அம்மனாகக் கேட்டது, எங்களுக்குப் பச்சையம்மாவாகக் கேட்டது. அவள் மூச்சுவிட்ட இடத்திலெல்லாம் சேமி விழுந்தான், சேமி விட்ட இடத்தில் காதர் அண்ணன் விழுந்தார். நான்கூட அன்றைக்குத் தப்பு செய்யவில்லை. முடிந்தபோது தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். முந்தின நாள் பெய்த மழையில் ரோடே சேறாக இருந்தது.

அவ்வளவுதான் வேலை முடிந்தது என்று நினைத்தோம். மடையர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. பாட்டு வரவில்லை. கேட்டு எழுதினேன். பக்திப் பாட்டுக்காரர்கள் சொன்னார்களாம்: அம்மன் பாட்டுக்கு உக்குலேலேயா, நேயர்கள் சண்டைக்கு வருவார்கள். ஹிந்திப் பிரிவு சொன்னதாம்: மொழி எங்களுடையது இல்லை. சேமி தன் மச்சான் ஒருவனை விட்டு ஃபிஜியன் பிரிவில் கேட்கச் சொன்னான். அவர்கள் போட்டுக் கேட்டு, தலையாட்டி, இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார்களாம். அப்புறம், ‘பாட்டு எங்கள் பாஷையில் இல்லையே’ என்று கொடுத்துவிட்டார்கள். இங்கிலீஷ் பிரிவுத் துரை ‘மிகவும் சுவாரசியம்’ என்று சொல்லிவிட்டு அலமாரியில் வைத்தாராம். ஒருவரும் நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். பந்து மாதிரி அறைக்கு அறை தட்டிவிட்டுக்கொண்டிருந்தால் யாரை அடிப்பது?

லம்பாசாவிலிருந்து வந்த ஒரு பிரயாணி பச்சையம்மாவின் சேதி கொண்டுவந்தார்: ‘எப்ப வரும்னு கேளு, பேட்டரி தீருது.’

காதர் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு சுவாவுக்கு விட்டார். கண்ணாடிக்காரர் வேலை மாறிப் போயிருந்தார். வேறொருவர் அலமாரியைத் துழாவி ஒரு டேப்பை எடுத்து, தூசி தட்டி மாட்டினார். சுழன்றது. ஒரு அதிகாரி கரும்பு விலையைப் பற்றிப் பேசினார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். புது டேப் பற்றாக்குறையாம். அலமாரியில் சும்மா கிடந்ததன் மேல் பதிந்துவிட்டார்களாம். அதிகாரி நன்றி சொல்லி முடித்ததும் டேப்பின் கடைசியில் எங்கள் பதிவு கொஞ்சம் அழியாமல் தொங்கியது. கோயில் மணி அடித்தது. சேமி “வினாக்கா” என்று யாருக்கோ நன்றி சொன்னான். ஒரு பஸ் போனது. அஞ்சலையின் குரல் ஒரு சொல்கூட இல்லை.

திரும்பும் வழியில் காதர் அண்ணன் சுத்தத் தமிழில் திட்டிக்கொண்டே வந்தார். நேராக லோவுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அஞ்சலை அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

“கரும்பு வெலையா? அது எந்த வருசம் ஏறிச்சு, அதப் பேசறதுக்கு என் பாட்ட அழிக்க!”

ரொட்டி கருகியது. அவள் திருப்பிப் போடவில்லை. “இன்னொரு தபா பாடச் சொல்லி யாரும் வராதீங்க” என்றாள். வேறு பாட்டெல்லாம் அப்புறமும் பாடினாள். அந்தப் பாட்டை எத்தனையோ வீடுகளில் கேட்டும் பாடவில்லை. கேசட் ரெக்கார்டர் வந்தபோது நானே முதல் ஆளாக ஒன்று வாங்கிக்கொண்டு ஓடினேன். அதை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, சாப்பிட்டியா தம்பி என்று கேட்டாள். அதற்குள் சேமியும் வேலையை விட்டுத் தன் தீவுக்குப் போய்விட்டான்.

இப்போது அந்தக் கடவையில் தண்டவாளம் புல்லுக்குள் கிடக்கிறது. காதர் அண்ணன் கனடாவில் மகன் வீட்டில் இறந்துபோனார். லோவில் அஞ்சலை வீட்டுக் கரும்புக் காட்டுக்குக் குத்தகை முடிந்து, வீட்டையும் தகரம் தகரமாகப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூத்துக்காரர் எடுப்பில் தமிழில் பாட்டுக் கட்டுகிற ஒருவரையும் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது. தமிழில் திட்டக்கூட ஆள் இல்லை.

அஞ்சலை போனது இதற்கெல்லாம் முன்னால். சர்க்கரை வியாதி. சர்க்கரை மில்லுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் பாதிப் பேருக்கு அதுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு லம்பாசாவிலிருந்து பச்சையம்மா வந்து சேர்ந்தாள். கப்பலிலும் பஸ்ஸிலும் வந்து கால் வீங்கியிருந்தது. தங்கை முகத்தை முப்பது வருஷத்துக்குப் பிறகு போட்டோவில் பார்த்தாள். எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

“நீதான கிட்டாரு வாசிக்கிற தம்பி? அது ஒரு பாட்டு பாடுச்சாமே, ரேடியோவுல வரும்னு சொல்லி அனுப்பிச்சு. நானும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கேட்டுக்கினே இருந்தேன். நான் இல்லாத நேரம் பாத்து வந்துடுச்சோ என்னமோ. அது எப்படி இருக்கும்? கொஞ்சம் சொல்லேன்.”

என் குரல் பாடுகிற குரல் இல்லை. இருந்தாலும் சொன்னேன்: ‘பூத்த கரும்பு தலையாட்டுது, போன தாயி வரக் காணோம்.’

பச்சையம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“உம், அப்புறம்?” என்றாள்.

அப்புறம் எனக்குத் தெரியாது.